உதவி: திரும்பத் திரும்ப எடுத்த பிலிருபின் அளவுகள், இடையில் விட்டுப்போன நோயாளிகள்

வணக்கம். பொது சுகாதாரம் முதுகலை படிக்கிறேன். ஆர் மென்பொருளின் சர்வைவல் பேக்கேஜில் உள்ள மேயோ கிளினிக் கல்லீரல் நோய்த் தரவை (பிபிசிசெக்) வைத்துப் பழகுகிறேன். 312 நோயாளிகள், 1945 வரிகள். முதல் வருகைக்குப் பிறகு 6 மாதம், 1 ஆண்டு, அப்புறம் ஆண்டுக்கொரு முறை பரிசோதனை. ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா (ஒரே ஆளிடம் பலமுறை எடுத்த அளவுகளின் சராசரிகளை ஒப்பிடும் சோதனை) போட்டால் ஏகப்பட்ட பேர் கணக்கிலிருந்தே காணாமல் போகிறார்கள். சராசரி பிலிருபினும் (கல்லீரல் கெட்டால் இரத்தத்தில் ஏறும் மஞ்சள் நிறப்பொருள்) எதிர்பார்த்த அளவு ஏறவில்லை. முற்றும் நோயில் இது எப்படி?

பதில்:
ஒரு வருகை விட்டுப்போனாலும் அந்த ஆளையே அனோவா தூக்கிவிடும். நோயாளிக்கு ஒரு வரி என்று தரவை மடக்காதீர்கள், வருகைக்கு ஒரு வரியாகவே இருக்கட்டும். மிக்ஸட் மாடல் போடுங்கள்: ஒவ்வொருவருக்கும் தனித் தொடக்க மட்டம், தனிச் சாய்வு. பிலிருபினை லாக் எடுத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அளவுகள் ஒரு பக்கமாக நீண்டு கிடக்கின்றன: தொடக்கத்தில் பாதிப் பேருக்கு 1.5க்குக் கீழே, சிலருக்கோ 20க்கு மேலே.

கேட்டவர்:
நன்றி சார். மிக்ஸட் மாடலுக்கான எல்எம்ஈ4 பேக்கேஜில் போட்டேன். மாறிகளின் அளவுகோல் ரொம்ப வேறுபடுகிறது, மாடல் கன்வெர்ஜ் ஆகவில்லை (கணக்கு ஒரு விடையில் நிலைக்கவில்லை) என்று எச்சரிக்கை வருகிறது.

பதில்:
வருகை நேரத்தை நாள் கணக்கில் அப்படியே கொடுத்திருப்பீர்கள். அது ஐந்தாயிரம் வரை போகும். 365.25ஆல் வகுத்து ஆண்டாக்குங்கள், சரியாகிவிடும்.

கேட்டவர்:
எச்சரிக்கை போய்விட்டது! சாய்வு 0.18க்குப் பக்கத்தில். அதாவது ஆண்டுக்குச் சுமார் 20 சதவீத ஏற்றமா?

வேறொருவர்:
ஆமாம், லாக்கைத் திருப்பினால் அதுதான். ஆனால் இதோடு நிறுத்தாதீர்கள் தம்பி. இந்தத் தரவில் 140 பேர் இறந்திருக்கிறார்கள். பிலிருபின் ஏறியவர்கள்தான் முதலில் போனார்கள். கடைசி வருகைகளில் மிஞ்சியவர்கள் ஓரளவு நன்றாக இருந்தவர்கள், அதனால்தான் உங்கள் சராசரி ஏறவில்லை. விடுபட்டது ஏற்கெனவே பதிவான அளவுகளைப் பொறுத்தது என்றால் மிக்ஸட் மாடல் சமாளிக்கும். ஜிஇஇக்கு (ஆள்வாரியாக அல்லாமல் மொத்தக் குழுவின் சராசரிப் போக்கைக் கணக்கிடும் முறை) அந்த அளவுகூடப் பொறுமை கிடையாது, விடுபட்டது முழுக்கத் தற்செயலாக இருக்க வேண்டும். பதிவாகாத உண்மையான பிலிருபின் மட்டமே மரணத்தைத் தீர்மானித்தால், பிலிருபின் போக்கையும் மரணத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஜாயின்ட் மாடல்தான் வழி.

ஜாயின்ட் மாடல் போடும் ஜேஎம் பேக்கேஜ் எல்எம்ஈ4 மாடலை ஏற்காது. என்எல்எம்ஈ என்ற இன்னொரு பேக்கேஜில் அதே மாடலைத் திரும்பப் போடுங்கள். மரணம் வரையான காலத்தை ஆராயும் காக்ஸ் மாடலுக்கு நோயாளிக்கு ஒரே வரி கொண்ட தனி அட்டவணை வேண்டும், இல்லையென்றால் ஒரே மரணம் பலமுறை எண்ணப்படும்.

கேட்டவர்:
நோயாளியின் இறுதி நிலையைச் சொல்லும் ஸ்டேட்டஸ் மாறியில் 1 என்று இருப்பவர்களை என்ன செய்வது?

வேறொருவர்:
அவர்கள் கல்லீரல் மாற்று செய்துகொண்ட 29 பேர். சென்சாரிங் (அந்த நாளோடு கண்காணிப்பு முடிந்தது, அதன்பின் நடந்தது தெரியாது) என்று விட்டால், அவர்கள் மற்றவர்களைப் போலவே பிழைத்திருப்பார்கள் என்று கொள்வதாகிவிடும். நோய் முற்றியதால்தானே மாற்றே செய்தார்கள்? மரணம் அல்லது மாற்று என்று ஒரே நிகழ்வாக ஒருமுறை, மரணம் மட்டும் என்று ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எதை முதன்மையாக வைக்கிறீர்கள் என்பதை முடிவைப் பார்க்கும் முன்பே உங்கள் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.