இரவுக்குப் பழைய 10 வாட் சார்ஜர் போதுமா?

நண்பர்களே, ஒரு உதவி. அப்பாவுக்கு வாங்கிய போனுடன் 67 வாட் சார்ஜர் வந்தது. ஒரு மணி நேரத்துக்குள் நிரம்பிவிடுகிறது, சரி. ஆனால் இந்தச் சித்திரை வெயிலில் உறையோடு சார்ஜ் போட்டால் பின்பக்கம் நன்றாகச் சுடுகிறது. லித்தியம் அயான் பேட்டரிக்குச் சூடுதான் பெரிய பகை என்பதும், 80 சதவீதத்துக்கு மேல் போனே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதும் தெரியும்.

வீட்டில் பழைய 10 வாட் சார்ஜர் இருக்கிறது. இரவில் அதைப் போட்டுவிட்டு, அவசரத்துக்கு மட்டும் 67 வாட் பயன்படுத்தலாமா? இல்லை, 80 சதவீத வரம்பு வைத்துவிட்டு வேகமானதையே தொடரலாமா? இரண்டு மூன்று வருடம் வேக சார்ஜர் பயன்படுத்தியவர்கள், இப்போது பேட்டரி எப்படி நிற்கிறது என்று சொல்லுங்கள். அப்பா அடிக்கடி போன் மாற்றுபவர் அல்ல. இது நாலு வருடமாவது உழைக்க வேண்டும்.