விஸ்கோசிற்றி அச்சு: தமிழில் என்ன சொல்?

நல்லூர் (சித்திர ஆசிரியை):
வணக்கம். உயர்தர வகுப்புக்கான நவீன அச்சோவியக் கையேடு வெள்ளிக்கிழமை போட்டோக்கொப்பிக்குப் போகவேணும். பாரிஸில் அச்சோவியர் ஹேற்றரின் ‘அத்தெலியே 17’ பட்டறையில் கிருஷ்ண ரெட்டியும் கைக்கோ மோத்தியும் வளர்த்தெடுத்த விஸ்கோசிற்றி அச்சு முறைக்கு ஒரு தமிழ்ச் சொல் தாருங்கோ. விஸ்கோசிற்றி என்றால் மை எவ்வளவு இளகி அல்லது இறுகி இருக்கு என்பது. நாகத் தகட்டை மேடும் பள்ளமுமாக அரித்து, எண்ணெய் கூடின மையை வன் உருளையால் மேட்டில் மட்டும் பூசுவார்கள். பிறகு இறுகின மையை மென் உருளையால் உருட்டினால், அது பள்ளத்துக்கும் இறங்கும். ஆனால் எண்ணெய் மை ஏற்கெனவே இருக்கிற இடத்தில் அது ஒட்டாது. ஒரே தகடு, ஒரே அழுத்தில் பல நிறம். ரெட்டியின் கோமாளி அச்சைக் கிட்ட வைத்துப் பார்த்தால் நிறங்கள் கலக்காமல் பக்கம் பக்கமாய்ப் புள்ளியிட்டு நிற்கும். தள்ளிப்போனால் கண் கலந்துகொள்ளும்.

கொக்குவில் (பௌதிகம்):
இதிலென்ன யோசனை அக்கா? பௌதிகப் புத்தகத்தில ‘பிசுக்குமை’ கிடக்குது. பிசுக்குமை அச்சு.

சென்னை:
இங்கே பாகுநிலை என்போம். அது போகட்டும், நாகத் தகடா? பாம்பா? துத்தநாகம் என்று எழுதுங்கள்.

வட்டுக்கோட்டை (இளைப்பாறிய தமிழாசிரியர்):
பிசுக்கே பெயர்ச்சொல். அதன் தலையில் இன்னொரு ‘மை’ விகுதி எதற்கு? அழகு அழகுமை ஆகுமோ? பிசு, பிசின் எல்லாம் ஓரினம்; பிசினாறியும் அந்தக் குடும்பந்தான், கையில் காசு ஒட்டிக்கொண்டவன்.

நல்லூர்:
ஐயா, பிசினாறி கையேட்டுக்கு வேண்டாம். ஆனால் மை பற்றி எனக்கும் பயமிருக்கு. அச்சுப் பாடத்தில் பிள்ளையள் ‘பிசுக்கு மை’ என்று பிரித்துத்தான் வாசிப்பினம்.

கொக்குவில்:
பிரிச்சாலும் பொருள் சரிதானே!

நல்லூர்:
சரியில்லை தம்பி. இளகின மையும் வேணும், இறுகின மையும் வேணும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்திலதான் முழு விளையாட்டும்.

ரொறன்ரோ:
விஸ்கோசிற்றி என்றே விடுங்கோவன். பஸ்ஸுக்குப் பேருந்து வந்தும் நாங்கள் பஸ்ஸிலதானே போனனாங்கள்?

வட்டுக்கோட்டை:
அப்படியென்றால் தமிழாசிரியருக்கு என்ன வேலை? ‘இளகிறுகு அச்சு’. இரண்டு மையும் ஒரு சொல்லுக்குள் நிற்கிறது.

கொக்குவில்:
வாய்க்குள்ள நிக்கேல்லை ஐயா.

நல்லூர்:
நாலு பேர் பிசுக்குமைக்குக் கை தூக்கி எழுதியிருக்கினம். அதையே போடுறன், பக்கத்தில ‘இளகல், இறுகல் மை வேறுபாடு’ என்று ஒரு வரியோடு.

வட்டுக்கோட்டை:
போடுங்கோ பிள்ளை. என் மறுப்பு மறுப்புத்தான். ‘குழைவு’ என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது, அதைப் பற்றி நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.