கப்பி பண்ணையும் சிட்னி துறைமுகமும்

கரிசல்காரன்: நேற்று மில்காரர் எழுதியது: "ஆஸ்திரேலியாவில் ஆடு மாடு மேய்ந்த வெறும் காட்டைக் கூட்டுச் சேர்ந்து பருத்தித் தோட்டமாக்கினார்கள், யாருக்கும் நஷ்டமில்லை." நஷ்டமில்லையா? அங்கே குயின்ஸ்லாந்து மாநிலத்துக் கப்பி பருத்திப் பண்ணை 93,000 ஹெக்டேர். கரை போட்டுத் தேக்கும் தண்ணீர் சிட்னி துறைமுகம் அளவு. ஒரே ஒரு பண்ணைக்கு!

மில்காரன்: ஆரம்பித்துவிட்டார். அது கொள்ளளவு, ஐயா. கல்கோவா ஆற்றில் வெள்ளம் வராத வருடம் அங்கே கொக்குகூட இறங்காது. 2009இல் கடன் கழுத்தை நெரித்து, திவால் நிலையைக் கவனிக்கும் வெளி நிர்வாகிகள் கைக்குப் போன பண்ணை அது. துறைமுகம் முழுக்கத் தண்ணீர் இருந்தால் ஏன் போகிறது?

கரிசல்காரன்: கொள்ளளவோ இருப்போ, சிட்னி துறைமுகம் சிட்னி துறைமுகம்தான். நம் கணக்கில் சுமார் 18 டி.எம்.சி. மேட்டூரில் ஐந்தில் ஒரு பங்கு.

புதியவன்: கூட்டு என்றீர்களே, யாரோடு யார்?

மில்காரன்: கப்பியை 2012இல் வாங்கியது இரண்டு கம்பெனிகள்: சீனாவின் ஷாண்டாங் ரூயி 80 சதவீதம், ஆஸ்திரேலிய லெம்பிரியர் 20. ஆனால் தோட்டமாக்கியது அவர்கள் இல்லை, அது எண்பதுகளிலேயே நடந்தது. அதற்கும் முன்னால், 1961இல், கலிபோர்னியாவிலிருந்து பால் கால், ஃபிராங்க் ஹாட்லி என்று இரண்டு பேர் நியூ சவுத் வேல்ஸில் வீ வா என்ற ஊருக்கு வந்து கீப்பிட் அணைத் தண்ணீரில் பருத்தி போட்டார்கள். அவர்களும் திருடர்களா?

கரிசல்காரன்: பேச்சை மாற்றாதீர்கள். சிட்னி துறைமுகம்.

பிரிஸ்பேன்வாசி: கப்பிக்குப் பக்கத்து ஊரான டிர்ரன்பாண்டி வழியாக ஒருமுறை காரில் போனேன். கரைதான் தெரிந்தது, தண்ணீர் தெரியவில்லை. களிமண் பாளம் பாளமாக வெடித்து, பழைய டயர் தடம் கல்லாக இறுகிக் கிடந்தது. ஆற்றின் கீழ்ப்பக்கம் மாடு வளர்ப்பவர்களுக்கு வெள்ளம் பரவினால்தான் புல். மேலேயே மறித்துவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? அதைப் பேசுங்களேன்.

கரிசல்காரன்: ஒருமுறை காரில் போனவரெல்லாம் நிபுணர்! தண்ணீரையே பார்க்காதவர் துறைமுகம் அளவு இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பிரிஸ்பேன்வாசி: நான் எங்கே சொன்னேன்? உங்கள் பக்கம்தானே பேசினேன்.

கரிசல்காரன்: பி.டி. பருத்தி, அதாவது மரபணு மாற்றிய பருத்தி பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் நழுவினீர்கள். மில்காரருக்கு ஏன் இவ்வளவு ரோஷம் என்று எனக்குத் தெரியும். 2022 இந்தியா-ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தப்படி வருடம் 51,000 டன் வரை ஆஸ்திரேலியப் பஞ்சு இங்கே வரியில்லாமல் இறங்கலாம்.

மில்காரன்: நீங்கள் போட்டிருக்கும் சட்டை எந்தப் பஞ்சு? அதைச் சொல்லுங்கள் முதலில்.

கரிசல்காரன்: வேட்டி. கைத்தறி.

புதியவன்: நிலம் கொடுத்தவருக்குப் பங்கு எவ்வளவு என்று கேட்க வந்தேன்...

மில்காரன்: தம்பி, கொஞ்சம் இருங்கள். ஐயா, கொள்ளளவை விடுங்கள், இருப்பு எவ்வளவு?

கரிசல்காரன்: சிட்னி துறைமுகம்.