கேட் (CAD, கம்ப்யூட்டர்ல வரையுற) டிராயிங்கும் சைட்டும் முட்டிக்கிட்ட இடம்: உங்களுக்கு நடந்தத சொல்லுங்க

செங்கல்பட்டு சைட்

ரொம்ப நாளா மனசுல கிடக்குறத இங்க கொட்டிடுறேன். தாம்பரம் தாண்டி ஒரு ஜி பிளஸ் டூ வீடு, நான் சைட் இன்ஜினியர், ஸ்ட்ரக்சரல் டிராயிங் வெளில ஒரு ஆபீஸ்ல இருந்து வந்தது. பாக்க அவ்வளவு சுத்தமா இருக்கும், லேயர் எல்லாம் கரெக்ட், காலம் (தூண்) ஷெட்யூல் ஒரு ஷீட், பீம் (உத்தரம்) செக்ஷன் (வெட்டுத்தோற்றம்) இன்னொரு ஷீட்.

ஃபர்ஸ்ட் ஃப்ளோர் பீமுக்கு கம்பி கட்டும்போது கம்பி கட்டுற அண்ணன் கூப்பிட்டு "மேடம் இதுல மூணு இருவது மில்லி கம்பி போகாது"ன்னாரு. டிராயிங்ல இருக்கே அண்ணான்னு சொன்னேன். அவரு பதில் பேசல. கீழ கிடந்த காலம் ரிங் ஒண்ண எடுத்து தரையில போட்டு, நாலு மூலைக்கும் பதினாறு மில்லி கட் பிட்ட வச்சு, அதுக்குள்ள இருவது மில்லி கட் பிட் மூணையும் வரிசையா வச்சு காட்டினாரு. நடுவுல விரல் போகல. "ஜல்லி எப்படி மேடம் எறங்கும்?"

நைட்டு அந்த டிடபிள்யூஜி ஃபைல (ஆட்டோகேட் டிராயிங்) ஓப்பன் பண்ணி பீம் செக்ஷன காப்பி பண்ணி காலம் செக்ஷன் மேல வச்சேன். எல்லாம் மில்லிதான்: காலம் 230, கவர் (கம்பிய மூடுற கான்கிரீட்) 40, ரிங் 8, அப்ப மூலைக்கம்பி 48ல ஆரம்பிச்சு 64ல முடியுது. பீமும் 230, கவர் 25, ரிங் 8, இருவது கம்பி 33ல இருந்து 53 வரைக்கும். ரெண்டு வட்டமும் 5 மில்லி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது. சரி பீம் கம்பிய உள்ள வளைச்சு விடலாம்னா காலம் கம்பிகளுக்கு நடுவுல இருக்குறதே 102 மில்லி, அதுல மூணு இருவது 60 போச்சு, மிச்சம் 42, ரெண்டு கேப்புக்கு ஆளுக்கு 21. கான்கிரீட்டுக்கான இந்திய விதி ஐஎஸ் 456ல 20 மில்லி ஜல்லிக்கு குறைஞ்சது 25 வேணும். ரெண்டு ஷீட்டையும் தனித்தனியா பாத்தா தப்பே தெரியாது, ஒண்ணு மேல ஒண்ணு வச்சாதான் தெரியும்.

ஆபீஸுக்கு போன் பண்ணா "சைட்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க"ன்னாங்க. அந்த ஒரு வார்த்தைதான் இன்னும் குத்துது. சண்டை போட்டு கடைசில 2 நம்பர் 25 மில்லின்னு மாத்தி ரிவிஷன் வாங்கினோம், கம்பியோட வெட்டுப்பரப்பு 942 சதுர மில்லிக்கு பதிலா 982 வருது, நடுவுல 52 கேப்பும் கிடைக்குது. ஆனா அந்த அண்ணன் கம்பி வெட்டிட்டு வாய மூடிட்டு இருந்திருந்தா கான்கிரீட் போட்டு மூடியிருப்போம், யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

சீஸ்மிக் கேக்குறேன்

மேடம் கோச்சுக்காதீங்க, நீங்க பிரச்சனைய பாதில நிறுத்திட்டீங்க. சென்னை ஏரியா 2002 ஐஎஸ் 1893லயே (நிலநடுக்க விதி) நிலநடுக்க ஸோன் 3க்கு வந்தாச்சு. ஸோன் 3ன்னா நிலநடுக்கத்துக்கு கம்பி எப்படி கட்டணும்னு சொல்ற ஐஎஸ் 13920 கட்டாயம். 2016 எடிஷன்ல காலமோட சின்ன பக்கம் 300க்கு குறைய கூடாது, அதோட ஜாயின்ட்டுக்குள்ள (பீமும் காலமும் சேர்ற இடம்) போற பீம் கம்பியோட டயால (விட்டம்) 20 மடங்கு இருக்கணும். இருவது கம்பி போனா 400. நீங்க 25ன்னு மாத்தினீங்க, இப்ப 500 ஆச்சு. கேப் கிடைச்சுது, ஆனா கம்பி ஜாயின்ட்டுக்குள்ள வழுக்குற பிரச்சனை இன்னும் பெருசாச்சு.

300 காலம் போட்டு 230 பீம நடுவுல வச்சா உங்க மோதலே இருக்காது. பீம் கம்பி 68ல ஆரம்பிக்கும், காலம் கம்பி 64ல முடிஞ்சிடும். இதுக்கு சாஃப்ட்வேர குறை சொல்லி பிரயோஜனம் இல்ல, சைஸ முடிவு பண்ணும்போதே தப்பு நடந்திருக்கு. இடேப்ஸ், ஸ்டாட் மாதிரி டிசைன் சாஃப்ட்வேர்ல மாடல் ஓட்டும்போது 230 x 300ன்னு அடிச்சா அது பாட்டுக்கு டிசைன் பாஸுன்னு காட்டும், பீம் காலம் எல்லாம் அதுக்கு ஒரு கோடு, கோட்டுக்கு ஏது தடிமன். நான் பாத்த ஒரு அப்பார்ட்மென்ட்லயும் இதே கதை, அங்க ஸ்லாப் போட்டு முடிச்ச பிறகு ஜாயின்ட்டுல தேன்கூடு மாதிரி ஓட்டை. அதுக்கு மேல சொல்ல விரும்பல.

திண்டுக்கல் சர்வே

நான் ரோடு ஆளு. திண்டுக்கல்ல இருந்து திருச்சி போற பக்கம் ஒரு வேலை. டவுன் பக்கம் ஒரு டீம், கிழக்க இன்னொரு டீம், டிஜிபிஎஸ் (துல்லியமான ஜிபிஎஸ்) வச்சு கன்ட்ரோல் பாயின்ட் (அளவுக்கு அடிப்படையான புள்ளி) எடுத்தாங்க, ரெண்டு பேரும் யுடிஎம்னு (பூமிய ஸோன் ஸோனா பிரிச்சு மீட்டர்ல இடம் சொல்ற முறை) எழுதி சிஎஸ்வி ஃபைல் கொடுத்துட்டாங்க. சிவில் 3டில (ரோடு டிசைன் சாஃப்ட்வேர்) இம்போர்ட் பண்ணி எல்லாமே தெரியுற மாதிரி ஸூம் எக்ஸ்டென்ட்ஸ் அடிச்சா ஸ்க்ரீனோட இந்த ஓரத்துல ஒரு புள்ளி அந்த ஓரத்துல ஒரு புள்ளி, நடுவுல ஒண்ணுமே இல்ல. டிஸ்டன்ஸ் அடிச்சு பாத்தா 650 கிலோமீட்டர் சொச்சம். பக்கத்து பக்கத்து ஊருங்க அது.

விஷயம் என்னன்னா 78 டிகிரி தீர்க்கரேகை திண்டுக்கல் டவுன தாண்டி கொஞ்ச தூரத்துலயே போகுது. அதுக்கு மேற்க யுடிஎம் ஸோன் 43, கிழக்க 44. அதே இடத்துக்கு 43ல ஈஸ்டிங் (கிழக்கு அளவு) 8,28,000 மீட்டர் கிட்ட வரும், 44ல 1,72,000 கிட்ட வரும். நார்திங் (வடக்கு அளவு) பெருசா மாறாது, அதனால ஃபைல பாத்தவுடனே யாருக்கும் சந்தேகம் வரல.

இதோட விட்டிருந்தா பரவால்ல. ஆபீஸ்ல ஒருத்தரு ஒரு செட்ட மூவ் கமாண்ட்ல இழுத்துட்டு வந்து இன்னொண்ணு பக்கத்துல கண்ணளவுல ஒட்ட வச்சுட்டாரு. ஒட்டின இடத்துல சரியாதான் இருக்கும். ஆனா அந்த எல்லைல ரெண்டு ஸோனோட வடக்கும் ஒரே வடக்கு இல்ல, ஒரு டிகிரிக்கு கொஞ்சம் மேல திரும்பியிருக்கும். ஒரு கிலோமீட்டர் போனாலே 19 மீட்டர் கிட்ட விலகும். ரோட்டோட சென்டர்லைன தரைல குறிக்க போனவங்க டோட்டல் ஸ்டேஷன (சர்வே கருவி) வச்சுட்டு ஒரு பனங்காட்டுக்குள்ள நின்னுக்கிட்டு "சார் ரோடு இங்க இல்லயே"ன்னு போன் பண்ணாங்க. அந்த குரல் இன்னும் காதுல இருக்கு.

இன்னொண்ணு, அந்த ஓரத்துல யுடிஎம் கிரிட் தூரமும் தரைல டேப் புடிக்குற தூரமும் ஒண்ணு இல்ல. ஒரு கிலோமீட்டருக்கு 90 சென்டிமீட்டர் கிட்ட கிரிட்ல கூட வரும். சிவில் 3டி டிராயிங் செட்டிங்ஸ்ல ஸோனையும் ஸ்கேல் ஃபேக்டரையும் முதல்ல குடுக்கணும், அதுக்கப்புறம்தான் பாயின்ட் இம்போர்ட். கோயம்புத்தூர் ஈரோடு நெல்லை எல்லாம் 43, மதுரை சேலம் தூத்துக்குடி 44.

செங்கல்பட்டு சைட்

சீஸ்மிக் சார், நீங்க சொல்ற ஐஎஸ் விதி சரிதான், ஒத்துக்குறேன். ஆனா வெளிப்பக்க சுவர்ல பீம நடுவுல வைக்க முடியாது, சுவர் முகத்தோட ஒட்டி வைப்பாங்க, அப்ப ஒரு பக்கம் அதே மோதல் 300 காலத்துலயும் இருக்கும். அதோட ஓனருக்கு 9 இன்ச் சுவர விட்டு காலம் வெளில துருத்தவே கூடாது. அத அவருகிட்ட பேசி புரிய வைக்க வேண்டியது டிசைன் பண்ணவங்க, அவங்க சைட்டுக்கே வரல.

நெல்லை டிப்ளமோ

டிப்ளமோ முடிச்சுட்டு கேட் சென்டர்ல சேந்து கமாண்ட் எல்லாம் கத்துக்கிட்டேன். லைன், ஆஃப்செட், ட்ரிம், ஃபில்லட், ஹேட்ச், 3டி கூட. முதல் வேலைக்கு சேந்த ஆபீஸ்ல ஒரு பெரியவர் சீனியர் டிராஃப்ட்ஸ்மேன். ட்ரேசிங் ஷீட்ல ரோட்ரிங் பேனால வரைஞ்சு, தப்பானா பிளேடால சுரண்டி, அம்மோனியா பிரிண்ட் எடுத்த காலத்து ஆளு. கேட்ல அவரு ஐகானையே தொட மாட்டாரு, இடது கை கீபோர்டுலயே இருக்கும்.

ஒரு வீட்டு பிளான், ஓனர் கொடுத்த ஸ்கெட்ச்ச நான் ஏத்திட்டு இருந்தேன். மாடிப்படிக்கு அடியில டாய்லெட். பிளான்ல அம்சமா உக்காந்திருந்துச்சு. அவரு பின்னாடி வந்து நின்னாரு. "ஏம்மா, இந்தக் கதவு வழியா யாரு உள்ள போவா?"ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. செக்ஷன் வரைன்னாரு. தளத்துக்கு தளம் 3000, படி 150, மொத்தம் 20 ஏத்தம், நடு லேண்டிங் 1500ல. லேண்டிங் ஸ்லாப் 150 கழிச்சா அடியில 1350. அதுக்கும் கீழ பீம் இருந்தா இன்னும் குறையும். நாலரை அடி உயரத்துல ஒரு டாய்லெட், கதவு நிக்குறது அதுக்கு அடியில. "பிளான் பொய் சொல்லாது, ஆனா பாதிதான் சொல்லும். நீ முதல்ல செக்ஷன வரை"ன்னாரு. தரைய எவ்வளவு இறக்க முடியும், கழிவுத்தண்ணி பைப் அப்ப வெளி சேம்பருக்கு ஓடுமான்னு அன்னிக்கு பூரா உக்கார வச்சு கணக்கு போட வச்சாரு. கடைசில டாய்லெட்ட அங்கிருந்து எடுத்தாச்சு.

இன்னொரு நாள் என் செக்ஷன பிரிண்ட் எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சு "இதுல எந்தச் சுவர் வெட்டுபட்டது, எது பின்னாடி நிக்குது?"ன்னு கேட்டாரு. எல்லா கோடும் ஒரே தடிமன்ல பிரிண்ட் ஆகியிருந்துச்சு. ப்ளாட் ஸ்டைல்ல ஒவ்வொரு கலருக்கும் ஒரு பேனா தடிமன் வைக்கணும்னு அவருதான் உக்காந்து சொல்லித்தந்தாரு. சென்டர்ல இத யாருமே சொன்னதில்ல. அவரு இப்ப ரிட்டயர்ட், நான் ஒவ்வொரு செக்ஷன் முடிக்கும்போதும் அவரு பின்னாடி நிக்குறாருன்னு நெனச்சுதான் பிரிண்ட் கொடுக்குறேன்.

தோஹா ஷாப் டிராயிங்

நெல்லை தங்கச்சி, அந்தப் பெரியவர் மேல மரியாதை இருக்கு. ஆனா ஐகான தொடக்கூடாது கீபோர்டுதான்னு ஒரு பெருமை சுத்திட்டு இருக்கே, அத புதுசா கத்துக்குறவங்க புடிச்சுக்க வேணாம். இங்க எல்லாம் ரெவிட்தான் (கட்டடத்த 3டி மாடலா செய்யுற சாஃப்ட்வேர்) கேக்குறாங்க.

என் கதை சின்னது. லிஃப்ட் ஷாஃப்ட், டிராயிங்ல உள்ளளவு 1800னு இருக்கு. ஏதோ திருத்தத்துக்காக ஒரு சுவர ஸ்ட்ரெட்ச் பண்ணேன், டைமென்ஷனும் (அளவுக்கோடு) கூடவே நீண்டுச்சு, நம்பர் மட்டும் 1800லயே நிக்குது. அப்படியே கை நின்னு போச்சு. முன்ன வரைஞ்சவரு கோட்ட மாத்தாம நம்பர மட்டும் டைப் பண்ணி வச்சிருக்காரு, நிஜ அளவு 1750. ஷட்டரிங்காரன் நம்பர பாப்பான், சர்வேயர் கோட்டுல இருந்து கோஆர்டினேட் எடுப்பான், ரெண்டு பேரும் சரி, சுவர் மட்டும் தப்பு.

அதனால எல்லாரும் இத செஞ்சு வச்சுக்கோங்க. யார்கிட்ட இருந்து ஃபைல் வந்தாலும் முதல்ல குவிக் செலக்ட்ல டைமென்ஷன எடுத்து, டெக்ஸ்ட் ஓவர்ரைடு (கையால அடிச்ச எழுத்து) காலியா இல்லாததெல்லாம் செலக்ட் பண்ணுங்க. வர்ற எல்லாத்தையும் ஒரு தனி லேயருக்கு தள்ளி கண்ண உறுத்துற கலர் கொடுங்க. அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா ப்ராப்பர்டீஸ்ல மெஷர்மென்ட் என்னன்னு பாருங்க. "டிப்பிக்கல்"னு பக்கத்துல சேத்திருந்தா பரவால்ல, அளவே கையால அடிச்சிருந்தா அனுப்பினவருக்கு மெயில் போடுங்க, நீங்களா எது சரின்னு முடிவு பண்ணாதீங்க. யூனிட்ஸ் பாருங்க, இன்ச்ல இருக்குற ஃபைல மில்லி ஃபைலுக்குள்ள எக்ஸ்ரெஃப் பண்ணா (வெளி ஃபைலா இணைச்சா) 25.4 மடங்கு விளையாடும். ஃபைல்ல இருக்குற பிழைய சரி பண்ண ஆடிட் அடிங்க, வேண்டாதத நீக்க பர்ஜ் அடிங்க, ஓவர்கில் அடிச்சு ஒண்ணு மேல ஒண்ணு கிடக்குற கோட்ட அழிங்க, இல்லன்னா குவான்டிட்டி எடுக்கும்போது சுவர் ரெண்டு மடங்கா வரும். டெஃப்பாயின்ட்ஸ் லேயர்ல எதையும் வரையாதீங்க, பிரிண்ட்ல வராது. ரெவிட்ல இந்த நம்பர் வேலை நேரா நடக்காது, டைமென்ஷன்ல அளவு அடிச்சா ஏத்துக்காது. அதுக்காகவே மாறலாம். செங்கல்பட்டு மேடம் சொன்ன கம்பி மோதல் கூட மாடல்லயே தெரிஞ்சிருக்கும்.

செங்கல்பட்டு சைட்

அண்ணா, ஜி பிளஸ் டூ வீட்டுக்கு கம்பி கம்பியா ரெவிட்ல மாடல் பண்ண யாரு காசு கொடுப்பா? ரெண்டு செக்ஷன ஒண்ணு மேல ஒண்ணு வச்சு பாக்க ஆட்டோகேட்லயே ஒரு நிமிஷம்.

ஏ3 பிரிண்ட்

சின்னதா ஒண்ணு. ஏ1ல 1:100னு வரைஞ்சத ஏ3ல சுருக்கி பிரிண்ட் எடுத்து அனுப்பிட்டாங்க. நீளம் பாதியாகும், நிஜத்துல அது 1:200. கீழ மட்டும் 1:100னு அப்படியே இருக்கு. ஒரு சன்ஷேடுக்கு டைமென்ஷன் போடல, மேஸ்திரி ஸ்கேல் வச்சு அளந்து 600க்கு பதிலா 300 வச்சு பலகை அடிச்சிட்டாரு. அவர எல்லாரும் திட்டினாங்க, நான் டிராயிங்க காட்டி அவரு பக்கம் பேசினேன். டைட்டில் பிளாக்ல ஒரு கிராஃபிக் ஸ்கேல் பார் போட்டிருந்தா போதும், பேப்பர் சுருங்கினா அதுவும் கூடவே சுருங்கும்.

சீஸ்மிக் கேக்குறேன்

மேடம், வெளிப்பக்க பீம் விஷயத்துல நீங்க சொன்னது நியாயம், நான் அத யோசிக்காம பேசினேன். ஆனா 25க்கு பதிலா 16 மில்லில கேட்டு பாருங்க. கீழ் அடுக்குல 3, அதுக்கு மேல் அடுக்குல 2, மொத்தம் 1005 வருது. 102ல மூணு பதினாறு 48 போனா கேப் 27, ஜல்லி எறங்கும். இருபது மடங்கு கணக்கும் 320ல நிக்கும். ரெண்டு அடுக்குன்னா எஃபெக்டிவ் டெப்த் (பீமோட மேல் முகத்துல இருந்து கம்பி நடு வரைக்கும் உள்ள ஆழம்) கொஞ்சம் குறையும், அத டிசைனர்தான் மறுபடி செக் பண்ணனும், போன்ல சொன்னா எடுத்துக்காதீங்க, ரிவிஷன் நம்பரோட ஷீட்டா வாங்குங்க.

பாலிடெக்னிக் 2ஆம் வருஷம்

திண்டுக்கல் சார், சிவில் 3டி கத்துக்கணும், சென்டர்ல ஃபீஸ் ரொம்ப கேக்குறாங்க. வீட்டுல இருந்தே கத்துக்க முடியுமா? லேப்டாப் இருக்கு.

திண்டுக்கல் சர்வே

முடியும் தம்பி. ஸ்டூடன்ட்னு காட்டினா ஆட்டோடெஸ்க்ல ஒரு வருஷ லைசென்ஸ் இலவசமா தர்றாங்க, படிக்குற வரைக்கும் வருஷா வருஷம் புதுப்பிக்கலாம். கிராக் போடாத. ரெடிமேட் ஃபைல் வச்சு பழகாத, உங்க காலேஜ் சர்வே கேம்ப்ல எடுத்த லெவல் இருக்கும்ல, அத எக்செல்ல அடிச்சு பாயின்ட்டா ஏத்து, சர்ஃபேஸ் (தரை மாடல்) பண்ணு, கான்டூர் (சம உயரக் கோடு) வரும். அது நீ நடந்த தரை, எங்க மேடு எங்க பள்ளம்னு உனக்கே தெரியும், தப்பா வந்தா கண்ணு சொல்லிடும். அப்புறம் அலைன்மென்ட், ப்ரொஃபைல், காரிடார்னு இதே வரிசைல போ. உங்க ஊரு எதுன்னு சொல்லு, ஸோன் 43ஆ 44ஆன்னு முதல்ல பாத்துடலாம்.