ஆஃப்டர் ஒரு வரி போதுமா? விபிஎன் ஏறும் முன்பே கிளம்பும் சர்வீஸ்கள்

கரிசல்மண்:
“சர்வீஸ் கோப்பில் ‘ஆஃப்டர்=’ என்று வயர்கார்டு பெயரைப் போட்டால் போதும், மீதியை சிஸ்டம்டி பார்த்துக்கொள்ளும்.” விபிஎன் (இணையம் வழியே இரு இடங்களை இணைக்கும் தனிப் பாதை) எழுந்த பிறகே சர்வீஸ் கிளம்ப என்ன செய்வது என்று கேட்ட புதியவர் ஒருவருக்கு நேற்று இங்கே சொன்ன பதில் இது. வயர்கார்டு ஒரு விபிஎன் மென்பொருள்; லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்புவது சிஸ்டம்டி; ‘ஆஃப்டர்=’ என்றால் இன்னதற்குப் பிறகு கிளம்பு என்று பொருள். இதையே முன்பு நம்பிய எங்கள் கிளைக்கடை பில்லிங், தலைமைக் கடையோடு விபிஎன் வழியே பேசுவது, மின்வெட்டுக்குப் பிறகு மூன்று நாள் எழவே இல்லை. வயர்கார்டைக் கிளப்பும் டபிள்யூஜி-குவிக் கட்டளை, விபிஎன் இடைமுகத்தை உருவாக்கி, முகவரியும் ரூட்டும் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லிவிடும். எதிர்முனையோடு ஹேண்ட்ஷேக், அதாவது இரு முனையும் சாவி சரிபார்த்து இணைவது, நடந்ததா என்று பார்ப்பதே இல்லை.

வடக்குவாசல்:
சொன்னது நான்தான், பெயர் போட்டே எழுதியிருக்கலாம். என் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் சேவை) 10.8.0.1 என்ற விபிஎன் முகவரியில் மட்டும்தான் கேட்கிறது. முன்பு ரீபூட் செய்தாலே முகவரி கிடைக்காமல் விழும். ஆஃப்டர் போட்டு இரண்டு வருடம் ஆகிறது, ஒரு தடவைகூட விழவில்லை.

கரிசல்மண்:
ஹேண்ட்ஷேக் நடந்ததா, இல்லையா?

வடக்குவாசல்:
என் சர்வீஸ் ஓடுகிறதா, இல்லையா? 25 விநாடிக்கு ஒரு சிறு பாக்கெட் அனுப்பும்படி பர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 என்று வையுங்கள், இடைமுகம் எழுந்ததுமே ஹேண்ட்ஷேக்கைத் தொடங்கிவிடும்.

கரிசல்மண்:
தொடங்கும். முடிந்ததா என்று யார் பார்ப்பது?

நிழல்தரு:
ஆஃப்டர் வரிசையை மட்டும்தான் சொல்லும். ‘இது எழாவிட்டால் கிளம்பாதே’ என்னும் ரிக்வயர்ஸும் சேர்த்துப் போடாவிட்டால் வயர்கார்டு விழுந்தாலும் உங்கள் சர்வீஸ் கிளம்பும். இன்னொரு விபிஎன் மென்பொருளான ஓபன்விபிஎன்னும் இப்போது எதிர்முனையோடு இணைப்பு அமையும் முன்பே சிஸ்டம்டிக்குத் தயார் என்று சொல்லிவிடும்.

வடக்குவாசல்:
வயர்கார்டு 2020-லேயே லினக்ஸ் 5.6 கர்னலுக்குள் வந்துவிட்டது. இன்னும் ஓபன்விபிஎன்னா?

நிழல்தரு:
போன மாதம் ஃபயர்வால் இழையிலும் இதே தொனியில்தான் பேசினீர்கள்.

வடக்குவாசல்:
அங்கேயும் நான் சொன்னதுதான் சரி. கரிசல்மண், விழுந்தால் எழட்டும் என்று ரீஸ்டார்ட் வைக்க வேண்டியதுதானே?

கரிசல்மண்:
வைத்திருந்தேன். வேறெதுவும் மாற்றாவிட்டால் அது 100 மில்லிவிநாடி இடைவெளியில்தான் மறுபடி முயலும். 10 விநாடிக்குள் 5 தடவை கிளம்பி விழுந்தால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும். மூன்று நாள் அப்படித்தான் கிடந்தது. இப்போது சர்வீஸ் கிளம்பும் முன் ஓடும் எக்செக்ஸ்டார்ட்ப்ரீயில், தலைமைக் கடை முகவரி பிங்குக்குப் பதில் தரும்வரை காத்திருக்க வைத்திருக்கிறேன். மறுபடி முயலும் இடைவெளியான ரீஸ்டார்ட்செக் 15 விநாடி. அப்புறம் ஒரு நாளும் விழவில்லை.

வடக்குவாசல்:
பூட் ஆகும்போது பிங் அடித்துக் காத்திருப்பதெல்லாம் ஒட்டுவேலை. ஆஃப்டர் போதும்.

கரிசல்மண்:
ஹேண்ட்ஷேக் நடந்ததா என்று இரண்டு முறை கேட்டாயிற்று. புதியவருக்குச் சொன்ன பதிலையாவது திருத்துங்கள், அவரும் மூன்று நாள் கடையைக் கைபில்லில் ஓட்ட வேண்டாம்.

வடக்குவாசல்:
திருத்த மாட்டேன். என் சர்வர் இரண்டு வருடமாக ஓடுகிறது.