இறுதியாண்டு புராஜெக்ட்: எதோடு ஒப்பிடுகிறீர்கள்?

தொடக்கப் பதிவு
தலைப்பு, கருவி, சாஃப்ட்வேர் பற்றி மாணவர்கள் நிறையக் கேட்கிறார்கள். ‘என் முடிவை எதோடு ஒப்பிடப் போகிறேன்?’ என்ற கேள்வி மட்டும் வைவா அன்றுதான் வருகிறது, அதுவும் வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் தேர்வாளர் வாயிலிருந்து. அவரவர் துறை அறிக்கைகளில் திரும்பத் திரும்பப் பார்ப்பதை எழுதுங்கள். சரிசெய்யும் வழியையும் சேர்த்து எழுதினால் உதவியாக இருக்கும்.

நுண்ணுயிரியல்
இலைச் சாற்றின் பாக்டீரியா எதிர்ப்புத் திறன், டிஸ்க் முறை: சாறு ஏற்றிய சிறு காகித வட்டைக் கிருமி தடவிய தட்டில் வைத்து, சுற்றிலும் கிருமி வளராத வளையத்தின் விட்டத்தை அளப்பது. பி.எஸ்சி. மைக்ரோபயாலஜியில் அதிகம் வரும் தலைப்பு இதுதான். தலைப்பில் குறை எதுவும் இல்லை, தட்டு ஊற்றுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

முல்லர்-ஹின்டன் அகார் (கிருமி வளர்க்கும் மீடியா) லிட்டருக்கு 38 கிராம், ஆட்டோகிளேவ் 121 டிகிரியில் 15 நிமிடம். 90 மி.மீ. தட்டில் 25 மி.லி. ஊற்றினால்தான் 4 மி.மீ. ஆழம் கிடைக்கும். மீடியாவை மிச்சம் பிடிக்க 15 மி.லி. ஊற்றினால் இரண்டரை மி.மீ. கூட வராது, மருந்து பக்கவாட்டில் அதிகம் பரவி வளையம் பெரிதாகிவிடும். அந்தப் பெரிய வளையத்துக்கும் மூலிகைக்கும் சம்பந்தமில்லை.

கிருமியின் அளவை வெறும் கண்ணால் ‘லேசான கலங்கல்’ என்று முடிவு செய்யக் கூடாது. 1 சதவீத கந்தக அமிலம் 99.5 மி.லி., 1.175 சதவீத பேரியம் குளோரைடு 0.5 மி.லி. சேர்த்தால் கலங்கலை ஒப்பிட உதவும் 0.5 மெக்ஃபார்லண்ட் ஸ்டாண்டர்டு தயார். ஒளி உறிஞ்சல் 625 நானோமீட்டரில் 0.08 முதல் 0.13 வரை காட்ட வேண்டும். கிருமிக் கலங்கலை இதற்குச் சரிசெய்து 15 நிமிடத்துக்குள் பஞ்சுக் குச்சியால் தட்டில் தடவி (ஸ்வாப்) விடுங்கள்.

ஒவ்வொரு தட்டிலும் இரண்டு டிஸ்க் கட்டாயம். ஒன்று, சாறு கரைத்த அதே கரைப்பான் மட்டும், அதே அளவில். மெத்தனால் முழுக்க ஆவியாகாத டிஸ்க்கை வைத்தால் மெத்தனாலே கிருமியைக் கொல்லும். மற்றொன்று, தெரிந்த மருந்து. சோதனையைச் சரிபார்க்கப் பயன்படும் ஈ.கோலை ஏடிசிசி 25922 வகைக்கு ஜென்டாமைசின் 10 மைக்ரோகிராம் டிஸ்க் 19 முதல் 26 மி.மீ. வளையம் தர வேண்டும். அதற்கு வெளியே போனால் அன்றைய தட்டுகள் எதையும் கணக்கில் எடுக்காதீர்கள்.

அட்டவணையில் ‘6 மி.மீ. – மிதமான செயல்’ என்று எழுதி வருகிறார்கள். டிஸ்க்கின் விட்டமே 6 மி.மீ.தான்! அங்கே வளையமே இல்லை. ஒரே தட்டில் மூன்று டிஸ்க் வைத்து ‘மூன்று முறை செய்தோம்’ என்பதும் செல்லாது. வெவ்வேறு நாளில், புதிதாக வளர்த்த கல்ச்சரில் செய்ததே தனி முறை.

தாவரவியல்
மைக்ரோபயாலஜி மேடம் சொன்னதோடு ஒன்று. செடியின் பெயரை உறுதி செய்யாமல் சாறு எடுக்காதீர்கள். நாட்டு மருந்துக் கடைப் பொடியில் எந்தச் செடி இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பூவோடு கூடிய கிளையை அழுத்திக் காயவைத்து ஹெர்பேரியம் தாளில் ஒட்டி, இடம், தேதி எழுதுங்கள். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் (பி.எஸ்.ஐ.) தென்மண்டல மையம் இருக்கிறது. அடையாளம் காண அங்கே அணுகலாம்.

வேதியியல்
வளையம் மெத்தனால் சாறுக்கு 18 மி.மீ., ஹெக்சேன் சாறுக்கு 9 மி.மீ., ‘ஆகவே மெத்தனால் சாறு வீரியமானது’ என்ற முடிவும் தவறு. நீரில் எளிதில் கரையாத மூலக்கூறுகள் அகாரில் நகராமல் டிஸ்க்கிலேயே தங்கிவிடும். வளையம் சிறுத்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இரண்டு சாறுகளை ஒப்பிட வேண்டுமானால் 96 குழித் தட்டில் பாதி பாதியாக நீர்த்துப்போகச் செய்து எம்.ஐ.சி. (கிருமி வளர்வதைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு) பாருங்கள். குழியில் கிருமி மி.லி.க்கு 5 லட்சம் இருக்க வேண்டும்.

சமூகவியல்
எங்கள் பக்கம் எத்தனை பேரிடம் கேட்டோம் என்பதற்கு 385 என்ற எண்தான் எல்லா அறிக்கையிலும் (95 சதவீத நம்பிக்கை, 5 சதவீதப் பிழை வரம்பு). 1.96-இன் வர்க்கத்தை 0.25-ஆல் பெருக்கி 0.05-இன் வர்க்கத்தால் வகுத்தால் 384.16, கணக்கு சரி. ஆனால் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் ஆளைத் தேர்ந்தெடுத்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப் குழுவில் போட்டு 385 பேர் நிரப்பினால், அது நண்பர்களின் நண்பர்கள் கருத்து மட்டுமே.

ஊரில் 1,200 வீடுகள்தான் என்றால் 292 போதும், வீட்டுப் பட்டியல் மட்டும் கையில் வேண்டும். பத்துத் தெருவைத் தேர்ந்து தெருவுக்கு இருபது வீடு என்று போனால் எண்ணிக்கை கூட வேண்டும், ஏனென்றால் ஒரே தெருக்காரர்கள் பதில் ஒத்துப்போகும். அந்த ஒத்துப்போகும் அளவு 0.05 என்றால் கூட 1 + 19 × 0.05, அதாவது 1.95 மடங்கு.

நேரம் முக்கியம். காலை 11 மணிக்குக் கதவைத் தட்டினால் வயதானவர்களும் வீட்டிலிருக்கும் பெண்களும்தான் கிடைப்பார்கள். வேலைக்குப் போனவர்கள் மொத்தமாக விடுபடுவார்கள். பூட்டிய வீட்டை விட்டுப் பக்கத்து வீட்டில் கேட்காதீர்கள். மாலையிலும் ஞாயிறன்றும் திரும்பப் போங்கள், எத்தனை வீடு கடைசிவரை கிடைக்கவில்லை என்பதை அறிக்கையில் எழுதுங்கள்.

‘சாலை, பேருந்து வசதிகள் திருப்தியா?’ என்பது இரண்டு கேள்வி. பிரியுங்கள். எதிர்மறையாகக் கேட்ட கேள்விகளின் மதிப்பெண்ணைத் திருப்பாமல் கிரான்பாக் ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) போட்டால் எண் அடிமட்டத்துக்குப் போகும். உடனே நல்ல கேள்விகளை நீக்கிவிடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்பதானால் பெற்றோர் சம்மதமும் பிள்ளையின் ஒப்புதலும் இரண்டும் வேண்டும். கல்லூரி நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே போங்கள், தரவு எடுத்தபின் வாங்கும் அனுமதிக்கு மதிப்பில்லை.

கணினி அறிவியல்
இலை நோய் கண்டறிதல், பிளான்ட்வில்லேஜ் (இலைப் படங்களின் பொதுத் தொகுப்பு) படங்கள், 99 சதவீதத் துல்லியம். இந்த மூன்றும் சேர்ந்து வராத வருடம் இல்லை. 54,306 படம், 38 வகை. 2016-இல் வந்த கட்டுரையிலேயே 99.35 சதவீதம் காட்டிய மாடல், வேறு சூழலில் எடுத்த படங்களில் 31.4-க்கு இறங்கியது. பிறகு ஒருவர் படப் பின்னணியிலிருந்து 8 பிக்சலை மட்டும் எடுத்துப் பயிற்றுவித்துப் பார்த்தார்: 49 சதவீதம்! இலையையே பார்க்கவில்லை. குருட்டாம்போக்கில் சொன்னால் 2.6 வரும்.

மாணவர் கோடில் பார்க்க வேண்டியது வரிசை. படங்களைத் திருப்பி, சுழற்றிப் பெருக்கிய பிறகு டிரெயின் (பயிற்சி), டெஸ்ட் (சோதனை) என்று பிரித்தால் ஒரே இலை இரண்டு பக்கமும் போய்விடும். முதலில் பிரியுங்கள், பெருக்குவது டிரெயினில் மட்டும். ஸ்மோட் (சிறிய வகைக்குச் செயற்கைத் தரவு சேர்ப்பது), ஸ்கேலர் (எண்களை ஒரே அளவுக்குக் கொண்டுவருவது) எல்லாவற்றுக்கும் இதே விதிதான். ஒரு சீட் எண்ணில் (குலுக்கலைத் தொடங்கி வைக்கும் எண்) வந்த உச்ச மதிப்பை எழுதாமல் ஐந்து சீட்டின் சராசரியும் விலக்கமும் தாருங்கள். எப்போதும் பெரிய வகையையே பதிலாகச் சொல்லும் மாடல் எவ்வளவு வாங்குகிறது என்பதும் அட்டவணையின் முதல் வரியாக இருக்கட்டும்.

தாவரவியல்
சார், ஒரே இலையை நான்கைந்து கோணத்தில் எடுத்த படங்கள் இருந்தால் எப்படிப் பிரிப்பது?

கணினி அறிவியல்
இலை எண் தெரிந்தால் குரூப்-கே-ஃபோல்டு (ஒரு குழுவின் படங்களை ஒரே பக்கம் வைத்துப் பிரிக்கும் முறை), குழுவாக இலை எண்ணைக் கொடுங்கள். தெரியாவிட்டால் பெர்செப்சுவல் ஹாஷ் (ஒத்த தோற்றமுள்ள படங்களுக்கு நெருங்கிய மதிப்பு தரும் முறை) போட்டு, நெருங்கிய மதிப்புள்ள படங்களை ஒரே குழுவாக்குங்கள். கோணம் அதிகம் மாறிய படங்களை ஹாஷ் பிடிக்காது, அவற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். இதோடு வகைக்கு இருபது படமாவது வயலில், செடியிலேயே இருக்கும் இலையை, வெயிலிலும் நிழலிலும் போனில் எடுத்துத் தனியாக வையுங்கள். மாடலை முடிவு செய்த பிறகு ஒரே ஒரு தடவை ஓட்டி, வரும் எண்ணை அப்படியே எழுதுங்கள்.