மேலே வந்த பிறகு கை வேலை செய்யவில்லை: மூச்சடக்கி முக்குளித்தவர்களின் அனுபவங்கள்

கடல்நாரை:
ஈட்டியோடு மீன் வேட்டை, ஆழம் 30 மீட்டர் பக்கம். நண்பர் மேலே வந்து நாலு மூச்சு இழுத்ததும் மறுபடி இறங்கிவிடுவார். மதியம் முழுக்க இப்படித்தான். கடைசியாக ஏறி மாஸ்க்கைக் கழற்றப் போனார். வலது கை பட்டையைத் தொட்டது, விரல்கள் மடங்கவில்லை. யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோல் அதையே பார்த்தார். "ஒன்னுமில்ல, அசதி" என்றார். அதுவே குழறலாகத்தான் வந்தது. படகில் ஆக்சிஜன் இருந்தது, உடனே மாட்டினோம். அழுத்த அறைச் சிகிச்சைக்குப் பிறகு பேச்சு தெளிந்தது. சட்டைப் பொத்தான் போட வெகுநாள் ஆனது. அந்த விரல்கள் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கின்றன.

ஆழப்பித்தன்:
இதை டிகம்ப்ரஷன் நோய் என்கிறீர்களா? ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மேலே வரும்போது குமிழியாவதால் வருவதுதானே அது? தொட்டியில் காற்று கொண்டுபோகும் ஸ்கூபாக்காரர்களுக்குத்தானே வரும்? ஒரே மூச்சுக் காற்றில் எவ்வளவு நைட்ரஜன் சேர்ந்துவிடப் போகிறது? எனக்கும் ஒருமுறை தலை சுற்றி, படகு ஒரு பக்கம் சாய்வதுபோல் இருந்தது. காது அழுத்தம் சமன் ஆகாததுதான் காரணம். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது.

உப்புக்காற்று:
காதுப் பிரச்சினையில் விரல் மரத்துப் போகாது, பேச்சும் குழறாது. ஒரு தடவைக்குச் சேர்வது கொஞ்சம்தான், உண்மை. அது வெளியேறுவதற்குள் மறுபடி இறங்கினால்? 1965-இல் பவுலெவ் என்ற மருத்துவர் தன்னையே சோதித்து எழுதியிருக்கிறார்: 20 மீட்டர் ஆழத் தொட்டியில், ஐந்து மணி நேரத்தில் சுமார் 60 முக்குளிப்பு. மூட்டு வலி, தலைசுற்றல், கையில் பலவீனம். பசிபிக் கடலில் உள்ள துவாமோத்துத் தீவுகளின் முத்துக்குளிப்பவர்கள் இதைத் 'தாரவானா' என்றார்கள். அதே பகுதியிலுள்ள மங்கரேவா தீவில் ஒவ்வொரு முறையும் நன்றாக ஓய்வெடுத்துத்தான் இறங்கினார்கள், அங்கே இந்த நோய் இல்லை. மிக ஆழம் போனால் நோய் வர ஒரே தடவை போதும். 2012-இல் மூச்சடக்கி முக்குளிக்கும் வீரர் ஹெர்பெர்ட் நிட்ச் 253 மீட்டர் போய்வந்து பக்கவாதத்தில் விழுந்தார்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஆழம் குறைவு என்றால் கீழே இருந்த நேரத்தைப்போல் இரண்டு மடங்காவது மேலே இருங்கள். 30 மீட்டரைத் தாண்டினால், கீழே இருந்த விநாடிகளை ஐந்தால் வகுங்கள், அத்தனை நிமிடம் ஓய்வு. இரண்டு நிமிடம் இருந்தால் 24 நிமிடம். ஸ்கூபா முடித்த அன்று மூச்சடக்கி இறங்கவே வேண்டாம். அறிகுறி வந்தால் ஆக்சிஜன் கொடுத்து அழுத்த அறைக்கு ஓடுங்கள். "திரும்ப இறங்கினால் சரியாகும்" என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கடல்நாரை:
அன்று படகிலும் ஒருவர் அதையேதான் சொன்னார். நண்பரும் இறங்கத் தயாராகிவிட்டார். இருவர் சேர்ந்து பிடித்து உட்கார வைத்தோம்.